மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன் வாடகைப் பாக்கியை வசூலித்துவிட முடியுமா?

கேள்வி:

மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் ஒரு கடலோர ஊர். எங்கள் டிரஸ்ட்டுக்கு 42 லைன் வீடுகள் இருக்கின்றன. வீடில்லாத ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டியவை. மாத வாடகை 1,500 ரூபாய், அட்வான்ஸ் 3,000. இப்போது 19 வீடுகளில் பாக்கி, மொத்தம் 2,86,500 ரூபாய். அதில் நாலு வீடுகள் மட்டும் 28,500, 31,500, 36,000, 58,500 என்று நிற்கின்றன. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15-க்கு முன் வசூலித்தே ஆக வேண்டும், தராத வீட்டில் கரண்டை நிறுத்திப் பூட்டுப் போடுவோம் என்கிறார்கள் கமிட்டியில் பாதிப் பேர். ஏழைகளிடம் என்ன கெடுபிடி, எல்லாவற்றையும் தள்ளுபடி செய்துவிட்டுப் புதுக் கணக்குத் தொடங்குவோம் என்கிறார்கள் மீதிப் பேர். மேற்கூரையில் கம்பி தெரிகிறது, போர் மோட்டாரை மாற்ற வேண்டும், கையில் காசு இல்லை. வட்டி போட்டால் பயந்து கட்டுவார்களா என்றும் ஒருவர் கேட்டார். என்ன செய்யலாம்?

ஒரு டிரஸ்ட் செயலாளர், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்:

செயலாளர் அவர்களுக்கு,

ஏப்ரல் 15-க்குள் அந்த 2,86,500 ரூபாய் வராது. வரும் என்று வைத்துத் திட்டம் போடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மார்ச் மாதத்தில் அந்த வீடுகளுக்கு வரும் காசில் ஒரு பகுதி அந்த 61 நாளுக்கான அரிசிக் காசு. அதை நெருக்கி வாங்கினால் மே மாதம் வட்டிக்கு வாங்குவார்கள், ஜூலையில் அந்த வட்டியைக் கட்டுவார்கள், உங்கள் ஆகஸ்ட் வாடகை நிற்கும். பாக்கியை இன்றைய நிலையில் நிறுத்துங்கள், இனி ஏறாமல் பாருங்கள், நடப்பு வாடகையோடு கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். பூட்டும் வேண்டாம், மொத்தத் தள்ளுபடியும் வேண்டாம்.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். 42 வீட்டுக்கு ஆண்டு வாடகை 7,56,000 ரூபாய். பாக்கி அதில் ஏறக்குறைய 38 சதவீதம். ஆனால் பாக்கியில் பாதிக்கு மேல், 1,54,500 ரூபாய், நாலே வீடுகளில் இருக்கிறது. மற்ற 15 வீடுகளுக்கும் சேர்த்து 1,32,000. சராசரி வீட்டுக்கு 8,800, ஆறு மாத வாடகைகூட இல்லை. இந்த 15 வீடுகளும் பேசித் தீர்க்கக்கூடியவை. அந்த நாலும் தனித்தனி வழக்குகள். இரண்டையும் ஒரே தீர்மானத்தில் கட்டியதால்தான் கமிட்டி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

யாரிடமும் போய்ப் பேசுவதற்கு முன் கணக்கைச் சுத்தம் செய்யுங்கள். வீட்டுக்கு ஒரு பக்கம் பேரேடு. நாள், அந்த மாதம் ஏறிய வாடகை, வந்த தொகை, ரசீது எண், நிலுவை என ஐந்து பத்தி போதும். கரண்ட் பில்லோ தண்ணீர்க் காசோ நீங்கள் வாங்குவதாக இருந்தால் அதற்குத் தனிப் பக்கம் வையுங்கள். வாடகையில் கலந்தால் எது பாக்கி என்று பின்னால் யாருக்கும் தெரியாது. இந்த வேலையில் வழக்கமாக வெளிவரும் பிழைகள் இவை: முன்பு வசூலித்தவர் வாங்கிப் பேரேட்டில் ஏற்றாத தொகை, இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்ததை ஒரு மாதமாக எழுதியது, மோட்டாருக்கு கண்டென்சர் வாங்கிப் போட்டவரிடம் ‘வாடகையில் கழித்துக்கொள்’ என்று வாயால் சொன்னது, அப்பா பெயரில் இருந்த வீட்டுக்கு மகன் கட்டிய காசு வேறு கதவு எண்ணில் போனது. பழைய ரசீதுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ரசீது இருந்தும் பேரேட்டில் வரவு இல்லையென்றால் அந்த நஷ்டம் டிரஸ்ட்டுடையது. வாதாடாமல் கழித்துவிடுங்கள். அந்த ஒரு காரியம் வரிசை முழுக்கப் பரவும், மற்றவர்கள் தாங்களாகவே ரசீதோடு வருவார்கள்.

சரிபார்த்த கணக்கின் நகலை ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்து 15 நாள் அவகாசம் விடுங்கள். ஆட்சேபம் தீர்ந்தபின் ‘இன்ன தேதி வரை பாக்கி இவ்வளவு, சரி’ என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். இதற்குச் சட்டப் பயனும் உண்டு. வாடகைப் பாக்கியைக் கேட்டு வழக்குப் போட, அந்தந்த மாத வாடகை கட்ட வேண்டிய நாளிலிருந்து 3 ஆண்டுதான் காலம். அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால் அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். 1963-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம் சொல்வது இது. உங்கள் 58,500 ரூபாய் வீட்டைப் பாருங்கள். அது 39 மாத வாடகை. இடையில் எந்த எழுத்தும் இல்லையென்றால் முதல் 3 மாதத்துக்கான 4,500 ரூபாய் காலம் கடந்துவிட்டது. இன்று வாங்கும் ஒப்புதல் அந்த 4,500-க்கு உயிர் கொடுக்காது. காலம் கடந்த கடனைத் தருவதாகப் புதிதாக எழுதிக் கொடுத்தால் ஒப்பந்தச் சட்டப்படி செல்லும்தான். ஆனால் விவரம் தெரியாத ஒருவரிடம் அப்படி எழுதி வாங்குவது ஓர் அறக்கட்டளைக்கு அழகில்லை. அந்த 4,500-ஐ விட்டுவிடுங்கள்.

ரசீது எழுதும் முறையையும் மாற்ற வேண்டும். ‘வாடகை வரவு ரூ.1,800’ என்று மட்டும் எழுதினால் அது எந்த மாதத்துக்கு என்ற சண்டை எப்போதும் இருக்கும். பணம் தருபவர் எந்த மாதத்துக்கு என்று சொன்னால் அந்த மாதத்தில்தான் வரவு வைக்க வேண்டும். அவர் சொல்லாவிட்டால் வாங்குபவர் தீர்மானிக்கலாம். இருவருமே சொல்லாவிட்டால் பழைய பாக்கியிலிருந்து வரிசையாகக் கழியும். ஒப்பந்தச் சட்டத்தின் 59 முதல் 61 வரையிலான பிரிவுகள் இவை. வந்ததையெல்லாம் பழைய மாதத்தில் கழித்தால் காலவரம்புத் தொல்லை குறையும், அதனால் வக்கீல்கள் அதையே விரும்புவார்கள். ஆனால் குடியிருப்பவர் பக்கம் நின்று பாருங்கள். இந்த மாதம் முழு வாடகையும் கட்டிய பிறகும் ரசீதில் இரண்டு வருடத்துக்கு முந்தைய மாதம் எழுதியிருந்தால், ‘எவ்வளவு கட்டினாலும் தீராது’ என்று விட்டுவிடுவார். எனவே ரசீதில் இரண்டு வரி வையுங்கள்: நடப்பு மாதம் 1,500, பழைய பாக்கி 300. காலவரம்புக்கு, வருடம் ஒருமுறை மேலே சொன்ன கையெழுத்து போதும்.

இனி ஆட்களுக்கு வருவோம். கட்டாதவர் எல்லாரும் ஒரே காரணத்துக்காகக் கட்டாமல் இருப்பதில்லை. சுத்தம் செய்த பேரேடே பாதிக் கதையைச் சொல்லிவிடும். மே, ஜூனில் ஒன்றும் இல்லாமல் ஆகஸ்டில் மூன்று மாதம் சேர்த்துக் கட்டுகிறார் என்றால் அவரிடம் பணம் இருக்கிறது, நாள்தான் பொருந்தவில்லை. மாதாமாதம் 700, 500, 900 என்று துண்டு துண்டாக வருகிறதென்றால் வருமானமே போதவில்லை. ஐந்தாறு வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டு ஒரு மாதத்தோடு சட்டென்று நின்றிருந்தால் ஏதோ நடந்திருக்கிறது: படகு பிடிபட்டது, இலங்கைச் சிறை, ஆஸ்பத்திரி, சாவு, குடும்பம் பிரிந்தது. ஒரு குறிப்பிட்ட மழைக்காலத்துக்குப் பின் நின்றிருந்தால் கூரையை அண்ணாந்து பாருங்கள். வசதி இருந்தும் தராதவர் என்று ஒருவகை உண்டு, ஆனால் கமிட்டிகள் நினைக்கும் அளவுக்கு இல்லை. பெரும்பாலும் 42 வீட்டில் ஒன்றோ இரண்டோதான்.

நேரில் போய்ப் பேசுவதில் கவனம் வேண்டும். படகு கரைக்கு வந்து ஏலம் நடக்கும் இடத்தில் நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். பள்ளிவாசல், கோயில், சர்ச் எதுவானாலும் மைக்கில் பெயர் வாசிப்பதும், டீக்கடைப் பலகையில் பாக்கிப் பட்டியல் ஒட்டுவதும் அறவே வேண்டாம். அப்படி ஒருமுறை நடந்தால் அந்த வீட்டுக் கதவு அதன்பிறகு உங்களுக்குத் திறக்காது. கமிட்டியில் இருந்து இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், சாயங்காலம் போகட்டும். வீட்டுச் செலவைக் கையில் வைத்திருப்பவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்தான். ‘ஏன் கட்டலை?’ என்று ஆரம்பித்தால் கிடைப்பது சாக்கு. ‘எந்த நாளில் கையில் காசு வரும்?’ என்று ஆரம்பித்தால் கிடைப்பது தகவல்.

கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை: யார் யார் சம்பாதிக்கிறார்கள், விசைப்படகா நாட்டுப்படகா, மீன் விற்ற காசில் பங்கு எந்தக் கிழமை பிரிப்பார்கள், படகுக்காரரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்களா, அது பங்கில் பிடிக்கப்படுகிறதா, குழுக் கடன் எத்தனை, தவணை எந்தக் கிழமை, அடகில் நகை உண்டா, மாதாமாதம் மாத்திரைச் செலவு எவ்வளவு. உங்கள் வாடகை போட்டி போடுவது இவற்றோடுதான். குழுக் கடன்காரர் சொன்ன கிழமையில் சொன்ன நேரத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். ஒருவர் கட்டாவிட்டால் கூட இருக்கும் பெண்கள் கட்ட வேண்டும் என்ற நெருக்கடியும் இருக்கும். டிரஸ்ட் மூன்று மாதம் கழித்துக் கேட்கும், அதுவும் கோபமாகக் கேட்கும். காசு எந்தப் பக்கம் போகும் என்பதில் ஆச்சரியமே இல்லை. ஒரு வீட்டில் மூன்று நாலு குழுக் கடன்கள் ஓடினால் ஒரு விவரம் சொல்லிவிட்டு வாருங்கள். ரிசர்வ் வங்கியின் 2022 நெறிமுறைப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு நுண்கடன் கொடுக்கும்போது, எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. புதுக் கடனை மறுக்க அந்தப் பெண்ணுக்கு இது ஒரு பிடி.

நாள் பொருந்தாத வீடுகளுக்கு நாளை மாற்றுங்கள். உங்கள் பாக்கிச் சிக்கலில் பாதி இங்கேதான் தீரும். மாதம் 5-ஆம் தேதிக்குள் 1,500 என்பது மாதச் சம்பளக்காரருக்கான விதி. கடலோர வீட்டில் மாதச் சம்பளம் ஏது? பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரம் 3 நாள், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்பது நெடுநாள் ஏற்பாடு. அதிலும் காற்று எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது, மீனவர் கைது என்றால் வேலைநிறுத்தம். எனவே ஆண்டுக்கு 18,000 ரூபாய் என்று எடுத்துக்கொண்டு அதைத் தொழில் பார்த்துப் பிரியுங்கள்.

விசைப்படகுக் கூலிக் குடும்பத்துக்கு இப்படிப் பிரிக்கலாம். ஜூலை முதல் அக்டோபர் வரை மாதம் 2,000, ஆக 8,000. நவம்பர், டிசம்பரில் மாதம் 1,000, ஆக 2,000. ஜனவரி முதல் மார்ச் வரை மறுபடி 2,000, ஆக 6,000. ஏப்ரலில் 1,000. மே, ஜூனில் 500 வீதம் 1,000. கூட்டினால் சரியாக 18,000. தடைக்காலத்தில் ஏன் சைபர் போடவில்லை, 500 எதற்கு என்று கேட்பீர்கள். கட்டும் பழக்கம் அறுந்தால் மறுபடி பிடிக்க மூன்று மாதம் ஆகும். 500 ரூபாய் அந்தப் பழக்கத்துக்கு.

நாட்டுப்படகுக் குடும்பத்துக்கு இதே அட்டவணையைப் போட்டுவிடாதீர்கள். தடைக்காலத்தில் அவர்கள் கடலுக்குப் போகலாம். விசைப்படகு நிற்பதால் மீனுக்கு விலையும் நன்றாக இருக்கும். வடகடலில் (பாக் விரிகுடா) தொழில் செய்பவருக்கு வாடைக் காற்று வீசும் நவம்பர் முதல் ஜனவரி வரை கஷ்டம். தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் போகிறவருக்குக் கச்சான் காற்று பலமாக இருக்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் கஷ்டம். கப்பா என்ற கடல்பாசி வளர்ப்பவர்களுக்கு 45 நாளுக்கு ஒருமுறை அறுவடை, காசும் அந்தக் கணக்கில்தான் வரும். நண்டு கம்பெனிக்குப் போகும் பெண்கள் வாரக்கூலி என்றால் வாரம் 375 வாங்குங்கள், அவர்களுக்கு 1,500-ஐ மாதம் முழுதும் சேர்த்து வைப்பதுதான் பாரம். நாலு வாரத்தில் மாத வாடகை முடிந்துவிடும், ஐந்தாவது வாரம் வந்தால் அது பாக்கிக்கோ அவர்களுக்கோ. பனைத் தொழில் வீட்டில் காசு புழங்குவது பதநீர் இறங்கும் மாதங்களில். அவர்களுக்கு வருடத்தின் முதல் பாதியில் கூடவும் ஐப்பசி, கார்த்திகையில் குறைவாகவும் வையுங்கள்.

தடைக்கால நிவாரணத் தொகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 131 ரூபாய்தான். அது கணக்கில் விழும் நாளில் ரசீதுப் புத்தகத்தோடு வங்கி வாசலில் நிற்காதீர்கள். சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு அவர்கள் கட்டிய 1,500-ஓடு மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500 சேர்ந்து 4,500 வரும். வாடகையை எதிர்பார்க்கலாம் என்றால் அதில்தான், அதுவும் அவர்களே சொன்னால். இந்தத் திட்டங்களில் பெயர் விடுபட்ட வீடு எது என்று பார்த்து மீன்வளத் துறை அலுவலகத்தில் சேர்க்க வைப்பது, ஆறு தடவை கதவைத் தட்டுவதைவிட டிரஸ்ட்டுக்கு லாபம்.

இங்கிலாந்தில் இதே பிரச்சினை வேறு உருவில் உண்டு. அங்கே குறைந்த வாடகை வீட்டில் இருப்பவர் புதிதாக அரசு உதவிக்கு விண்ணப்பித்தால் முதல் தொகை வர ஐந்து வாரம் ஆகும். அந்த இடைவெளியில் பலருக்குப் பாக்கி தொடங்கிவிடுகிறது. அந்த நாட்டுச் சமூக வீட்டு நிறுவனங்கள் நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன் பின்பற்ற வேண்டிய நெறிமுறை ஒன்று எழுத்தில் இருக்கிறது. பாக்கி விழுந்த உடனே தொடர்புகொள்ள வேண்டும், காலாண்டுக்கு ஒருமுறை புரியும்படி கணக்கு கொடுக்க வேண்டும், அவரால் முடிந்த தவணையைப் பேச வேண்டும், நடப்பு வாடகையும் ஒப்புக்கொண்ட தவணையும் கட்டி வரும்வரை வழக்குக்குப் போகக் கூடாது. உங்கள் கமிட்டி அப்படியே எடுத்துத் தீர்மானமாக எழுதிக்கொள்ளலாம்.

இப்போது அந்த 15 வீடுகளுக்கான தவணை. மாத வருமானத்தில் சாப்பாடு, கரண்ட், பள்ளிச் செலவு, மருந்து, கடன் தவணை, நடப்பு வாடகை எல்லாம் போக மிஞ்சுவது எவ்வளவு என்று அவர்களோடு உட்கார்ந்து எழுதுங்கள். அந்த மிச்சத்தில் பாதிக்கு மேல் கேட்காதீர்கள். 600 மிஞ்சினால் 300. 8,800 ரூபாய் பாக்கிக்கு அது 30 மாதம். தடைக்கால மாதங்களில் தவணையை நிறுத்தினால் மூன்று வருடத்தை ஒட்டிப் போகும். கமிட்டியில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மாதம் 1,000 தருகிறேன் என்று கூச்சத்தில் ஒப்புக்கொள்பவரிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவர் இரண்டாம் மாதம் தவறுவார், மூன்றாம் மாதம் உங்களைக் கண்டால் சந்து மாறிப் போவார். நகையை அடகு வைத்தாவது கட்டு என்று யாரும் சொல்லாதிருப்பதும் முக்கியம். அப்படி வரும் 8,000, அடுத்த வருடம் 12,000 பாக்கியாகத் திரும்பும்.

ஒப்பந்தம் ஒரு தாள், தமிழில். பாக்கித் தொகை, மாதத் தவணை, எந்த நாள், எந்த மாதங்களில் தவணை இல்லை, இதைக் கட்டி வரும்வரை டிரஸ்ட் வேறு நடவடிக்கை எடுக்காது என்ற உறுதி. இருவர் கையெழுத்து, நகல் அவர்கள் கையில். தவறினால் என்ன நடக்கும் என்பதையும் எழுதுங்கள்: 3-ஆம் நாள் போன், 7-ஆம் நாள் நேரில், ஒரு மாதம் ஆனால் உட்கார்ந்து தொகையைத் திருத்துவது, தொடர்ந்து இரண்டு தவணை போனால் கடிதம். இதில் 3-ஆம் நாள் போன்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் வசூலித்துத் தரும். அதை யார் செய்வது என்று பெயர் குறித்துவிடுங்கள். ‘கமிட்டி பார்த்துக்கொள்ளும்’ என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். 39 மாதம் ஒரு வீட்டில் ஏறியது அப்படித்தான்.

வசூலுக்கு வாரம் ஒரு கிழமை, ஒரே இடம், ஒரே நேரம். படகு கிளம்பும் நாளாக இருக்க வேண்டாம். எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம், எப்போதும் இரண்டு பேர், மறு வேலை நாளில் வங்கியில் கட்டுதல். டிரஸ்ட் கணக்குக்கே க்யூஆர் அட்டை வாங்கி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒட்டுங்கள், அனுப்பும்போது வீட்டு எண் எழுதச் சொல்லுங்கள். செயலாளருடைய சொந்த ஜிபேயில் ஒரு ரூபாயும் வாங்க வேண்டாம்.

அந்த நாலு வீடுகளில் ஒவ்வொன்றும் வேறு கதை. ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது, அவர் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். கணவர் இறந்து மனைவி மட்டும் இருந்தால், விதவை ஓய்வூதியம் மாதம் 1,200 வருகிறதா, மீனவர் நல வாரிய உதவிக்கு மனுக் கொடுத்தார்களா என்று விசாரியுங்கள். 1,200 ரூபாயில் வாழ்பவரிடம் 1,500 வாடகை கேட்பதில் அர்த்தமில்லை. கமிட்டித் தீர்மானம் போட்டு வாடகையையே குறையுங்கள், பெயரை மாற்றுங்கள். வீட்டை உள்வாடகைக்கு விட்டுவிட்டு ஆள் வெளியூரில் இருந்தால் அது வேறு. வசதியிருந்தும் தராதவர் என்று உறுதியானால் சட்டப்படி எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டியதுதான்.

அதற்கு முன் உங்கள் டிரஸ்ட் எந்தச் சட்டத்தில் பதிவானது என்பதைப் பத்திரத்தோடு வக்கீலிடம் காட்டுங்கள். தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கியானால் அறிவிப்பு அனுப்பலாம். அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழுதும் கட்டிவிட்டால் அந்தக் காரணத்தால் வெளியேற்ற முடியாது. ஆனால் அரசுக் கட்டடங்கள், வக்ஃப் சொத்து, சில வகை டிரஸ்ட் சொத்துகளுக்கு அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. நீங்கள் விலக்குக்குள் வந்தால் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவுப்படி 15 நாள் அறிவிப்பு, பிறகு சிவில் வழக்கு. இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று: அறிவிப்புக் காலம் முடிந்த பிறகு பழைய மாதிரியே ‘வாடகை’ என்று ரசீது போட்டு வாங்கினால், அறிவிப்பையே கைவிட்டதாக எதிர்த் தரப்பு வாதாடலாம். அறிவிப்பு போன வீட்டுக்கு ரசீது எழுதுவதற்கு முன் வக்கீலைக் கேளுங்கள்.

அந்தப் படிக்குப் போகாமலே முடிக்க ஒரு வழி இருக்கிறது. வட்ட சட்டப் பணிகள் குழுவிலோ ராமநாதபுரத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ, வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்தால் லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கலாம். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. இருவரும் ஒப்புக்கொண்டு பிறக்கும் உத்தரவு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. நாலு வீட்டில் குறைந்தது இரண்டு வீடுகள் அங்கேயே தவணைக்கு ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம். வெளியாள் ஒருவர் முன்னால் பேசும்போது ஊர்ப் பகை கொஞ்சம் இறங்கும்.

கரண்டை நிறுத்திப் பூட்டுப் போடும் யோசனையைக் கூட்டக் குறிப்பில்கூட எழுதாதீர்கள். 2017 சட்டம் தண்ணீர், மின்சாரம் போன்றவற்றை நிறுத்துவதைத் தடை செய்கிறது. விலக்குப் பெற்ற டிரஸ்ட் என்றாலும், சட்ட வழியின்றி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பெறலாம். அந்த வழக்கில் பாக்கி எவ்வளவு என்பது கேள்வியே ஆகாது. பூட்டியவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

தள்ளுபடிக் கட்சிக்குச் சொல்ல வேண்டியது: ஒழுங்காகக் கட்டும் 23 வீடுகள் இதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவர்களும் அதே கடல், அதே தடைக்காலம். எல்லாருக்கும் பொதுவாகத் தள்ளினால் அடுத்த மாதம் அந்த 23-இல் சிலர் நிறுத்துவார்கள், நியாயமும் அவர்கள் பக்கம் இருக்கும். அதற்குப் பதில் மாத வாடகை 63,000-இல் 3 சதவீதம், அதாவது 1,890 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள். சிறையில் ஆள் இருக்கும் வீடு, பெரிய ஆபரேஷன், மரணம் போன்றவற்றுக்கு இரண்டு மூன்று மாத வாடகையை அதிலிருந்து வரவு வைக்கலாம். யாருக்கு, ஏன் என்று தீர்மானத்தில் எழுதி வைத்தால் தணிக்கையிலும் பேச்சு வராது.

கூரையைத் தள்ளிப் போடாதீர்கள். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துப் பருத்து, மூடியிருக்கும் கான்கிரீட்டை வெடிக்க வைக்கிறது. கம்பி வெளியே தெரிந்தபின் அதன்மேல் வெறும் சிமென்ட் பூசினால் அடுத்த மழையில் அதுவும் விழும். தளர்ந்த கான்கிரீட்டை முழுதும் தட்டி எடுத்து, துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு அடித்த பிறகுதான் மூட வேண்டும். மொத்த வரிசைக்கும் காசு இல்லையென்றால் கட்டில் போட்டிருக்கும் இடத்துக்கு மேலே கம்பி தெரியும் வீடுகளை முதலில் எடுங்கள், பாக்கி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல். பாக்கிக்காரர் வீட்டுக் கூரையைச் செய்ய மாட்டோம் என்றால் ‘கூரை சரியில்லை, வாடகை தர மாட்டேன்’ என்ற வாதத்தை நீங்களே அவர் கையில் கொடுக்கிறீர்கள். ரிப்பேர்ப் புகாருக்குத் தனி நோட்டு, புகார் வந்த தேதி, போய்ப் பார்த்த தேதி. குடியிருப்பவரே செய்துகொள்வதானால் தொகையை முன்கூட்டி எழுத்தில் ஒப்புக்கொண்டு, பில் பார்த்துக் கழியுங்கள்.

அட்வான்ஸ் 3,000-ஐப் பாக்கியில் கழிக்காதீர்கள். அது வீடு காலியாகும் நாளுக்கானது.

வட்டி போட்டால் பயந்து கட்டுவார்களா என்ற கேள்விக்கு: மாட்டார்கள். பயந்து கட்டுகிற காசு ஏற்கனவே வேறு வட்டிக்காரர்களிடம் போய்க்கொண்டிருக்கிறது. 300 ரூபாய் தவணை கட்டும் வீட்டில் வட்டியாக 150 ஏறினால், 30 மாதத்தில் தீர வேண்டிய பாக்கி ஐந்து வருடம் இழுக்கும். இருக்கும் ஒப்பந்தத்தில் வட்டி எழுதியிருந்தால், தவணைத் தாளைக் கட்டி வரும்வரை அதைக் கேட்பதில்லை என்று தாளிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.